நுஸ்ரத்தின் இரண்டாவது வாத்தியம்

விடியற்காலைச் சுபுஹுத் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி உளூச் செய்யும்போதுதான் நுஸ்ரத்துக்கு அது முதலில் தெரிந்தது. வாய் கொப்பளிக்க எடுத்த தண்ணீர் வாயில் நிற்கவில்லை. உதட்டை மூடித்தான் வைத்திருக்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதே இடது கடைவாய் வழியாக ஒழுகிக் கழுத்தில் இறங்கியது. ஒரு பக்கமாகவே படுத்துத் தூங்கிய மரமரப்பு என்று விட்டுவிட்டாள். அவள் கணவன் ஹாரூன் அதற்கு முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டாவது பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான். அந்த நேரத்தில் எல்லையோர ஊரான கெலாங் பாத்தாவில் பாதி வீடுகளில் ஆண்கள் இருக்கமாட்டார்கள்.

2023ஆம் ஆண்டு, மே மாதம், சனிக்கிழமை. பள்ளிக்கு வார விடுமுறை என்றாலும் பேண்ட் குழுவுக்குப் பயிற்சி உண்டு. அங்குள்ள இடைநிலைப்பள்ளி ஒன்றில் நுஸ்ரத் பேண்ட் பயிற்றுநர். இன்னும் இரண்டு பள்ளிகளுக்கும் வாரம் ஒரு நாள் போவாள். மற்ற நாள்களில் ட்ரம்பெட் வாசிப்பாள். கல்யாண விருந்துகள், ஹோட்டல் விழாக்கள், ஆண்டுக்கு இரண்டு மேடைக் கச்சேரிகள் என்று அவள் வாசிக்காத வாரமே கிடையாது.

அன்று காலை எட்டு மணிக்கு நாற்பத்திரண்டு மாணவர்கள் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வழக்கப்படி அவள் முதலில் ஒரு நீண்ட சுரம் ஊதிக் காட்ட வேண்டும். அதைக் கேட்டு அவர்கள் ஊதுவார்கள். நுஸ்ரத் ட்ரம்பெட்டை உதட்டில் வைத்து ஊதினாள். சுரம் வரவில்லை. சைக்கிள் டியூபிலிருந்து போவதுபோல இடது ஓரத்தில் காற்று சீறிக்கொண்டு போனது. பிள்ளைகள் சிரித்தார்கள், ஆசிரியை வேடிக்கை காட்டுகிறாள் என்று. மறுபடியும் ஊதினாள். மறுபடியும் அதே சீறல். முன்வரிசையில் இருந்த பெண் ஒருத்தி மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டு, சிக்குவின் முகம் ஒரு பக்கம் தொங்குகிறது என்று மலாயில் மெதுவாகச் சொன்னாள். ஆசிரியர்களை அங்கே சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள்.

நுஸ்ரத் கைப்பேசியை எடுத்துத் தன்னைப் பார்த்துக்கொண்டாள். இடது கண் மூடாமல் விழித்துக்கொண்டிருந்தது. வாய் வலது பக்கம் இழுத்திருந்தது.

*

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பாலோ டவுனில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த உணவுக்கடைக்காரர் நஜ்முதீனின் மகள் அவள். பதினான்கு வயதில் பள்ளி பேண்ட் குழுவில் ட்ரம்பெட் வாசித்தவன் வேறு ஊருக்குப் போய்விட, அந்த இடத்துக்கு ஆள் தேடியபோது கையைத் தூக்கினாள். வீட்டில் ஊத முடியாது. வீடே கடைக்கு மேல்தான். மதியக் கூட்டம் முடிந்து மூன்றரை மணிக்குக் கடை ஓயும்போது, பின்கட்டில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று ஒரு மணி நேரம் ஊதிக்கொள்ள அத்தா அனுமதித்தார். மூட்டைகள் சத்தத்தைக் குடித்துவிடும் என்பது அவர் கணக்கு. அப்படியொன்றும் குடிக்கவில்லை. எதிரே கோழிக்கடை வைத்திருந்த சீனர், மூன்றரை மணி ஆனால் நுஸ்ரத் ஊதுவாள் என்று கடிகாரம் பார்ப்பதையே விட்டுவிட்டாராம்.

செர்டாங் பல்கலைக்கழகத்தில் இசை படிக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது நஜ்முதீன் மறுக்கவில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் கேட்டால், "செர்டாங்ல படிக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எதைப் படிக்கிறாள் என்று சொல்லமாட்டார். கல்யாணப் பேச்சு வந்தபோதும், "பிள்ளை டீச்சர்" என்றுதான் மாப்பிள்ளை வீட்டில் சொன்னார். மாப்பிள்ளைக்கு அந்த ஒளிவுமறைவு தேவைப்படவில்லை. ஹாரூன் சிம்பாங் ரெங்கம்காரன். பள்ளி நாளில் பெரிய டிரம் அடித்தவன். குளுவாங்கில் நடந்த மாவட்டப் போட்டியில், தலையை மூடித் தூடோங் போட்ட பாலோ பள்ளி ட்ரம்பெட் பெண்ணால்தான் தன் பள்ளி இரண்டாமிடத்துக்குப் போனது என்பதைப் பத்து வருஷமாக மறக்காமல் வைத்திருந்தான்.

நஜ்முதீன் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. கடையை அம்மா சம்சாத் பேகம் நடத்துகிறார்.

இருபத்துநாலு வருஷத்தில் பெருநாள் அன்றுகூட நுஸ்ரத் ட்ரம்பெட்டைத் தொடாமல் இருந்ததில்லை. நோன்பு காலத்தில் உதடு காய்ந்து வெடிக்கும் என்று இஃப்தாருக்குப் பிறகு வாசிப்பாள். உதட்டைச் சுற்றியுள்ள தசை ஒரு வாரம் சும்மா இருந்தால் அதைத் திரும்பக் கொண்டுவர மூன்று வாரம் ஆகும். அந்தத் தசைதான் அவளுடைய பிழைப்பு.

*

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் அவளைப் புருவத்தைத் தூக்கச் சொன்னார். நெற்றியில் வலது பக்கம் மட்டும் கோடு விழுந்தது. பக்கவாதம் இல்லை என்றார் அவர். பக்கவாதமாக இருந்தால் நெற்றியின் இரண்டு பக்கமும் சுருங்குமாம். இது முகவாதம். முகத்துக்குப் போகும் ஒரு நரம்பு வீங்கிவிட்டது, ஏன் என்று பெரும்பாலும் தெரியாது, பலருக்கும் தானாகவே சரியாகிவிடும் என்று விளக்கினார். மாத்திரைகளும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார். தூங்கும்போது இடது கண்ணை நாடா ஒட்டி மூடிக்கொள்ளச் சொன்னார்.

எவ்வளவு நாளில் சரியாகும் என்று நுஸ்ரத் கேட்டாள். சிலருக்கு மூன்று வாரம், சிலருக்கு ஆறு மாதம் என்றார் டாக்டர். முழுதாகச் சரியாகாதவர்களும் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு அவள் ஆசிரியை என்று சொன்னாள். அவளுடைய அத்தா சொன்ன அதே பதில். அது ஏன் தன் வாயில் வந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

இன்னும் மூன்று வாரத்தில் கச்சேரி இருந்தது. 'செலாட் பிராஸ்' என்ற பத்துப் பேர் கொண்ட ஊதுகருவிக் குழுவில் நுஸ்ரத்தான் முதல் ட்ரம்பெட். குழுவின் தலைவர் லோகேஸ்வரன் ட்ராம்போன் வாசிப்பவர். அவரும் இரண்டு சீனப் பள்ளிகளில் பயிற்றுநர். ஐம்பதைத் தாண்டியவர், எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். அந்தக் கச்சேரியில் நுஸ்ரத்துக்கு எட்டு நிமிடம் தனி வாசிப்பு. ஆறு மாதமாக அதற்குத்தான் அவள் உழைத்துக்கொண்டிருந்தாள்.

நுஸ்ரத் அப்போது ஒரு தப்புச் செய்தாள். பிற்பாடு தன்னைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அதை மறைக்காமல் சொல்லிவிடுவாள். கண்ணோவு வந்திருக்கிறது, ஒட்டிக்கொள்ளும், ஒத்திகைக்கு வர முடியாது என்று லோகேஸ்வரனுக்குச் செய்தி அனுப்பினாள். மூன்று வாரத்தில் சரியாகும் சிலரில் தானும் ஒருத்தியாக இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாமே என்பதுதான் அவள் நினைப்பு. ஹாரூன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான், லோகேஸ்வரன் அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிடு என்று. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் மாலை லோகேஸ்வரன் பழங்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தவள் அவள்தான். கண்ணோவு என்றால் வாய் கோணாது என்பது யாருக்கும் தெரியும். அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை நாளாச்சு?" என்றார்.

"பன்னிரண்டு நாள், அண்ணே."

"கச்சேரிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு." அவர் குரலை உயர்த்தவில்லை. "உன்னை மாத்தணும்னு எனக்கு என்ன ஆசையா? அன்னைக்கே சொல்லியிருந்தா லோஷினிக்கு மூணு வாரம் கிடைச்சிருக்கும். இப்ப அந்தப் பொண்ணு மேடையில தடுமாறினா, அது யார் தப்பு?"

லோஷினி குழுவின் இரண்டாவது ட்ரம்பெட். நுஸ்ரத்தைவிடப் பத்து வயது இளையவள், கெட்டிக்காரி. லோகேஸ்வரன் எழுந்து போகும்போது வாசலில் நின்று, முதலில் உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

*

கச்சேரியன்று முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஹாரூனோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். லோஷினி வெள்ளிச் சரிகை போட்ட கருப்புச் சட்டையில் வந்து நின்று வாசித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள். இரண்டு இடத்தில் சுரம் உடைந்தது. இரண்டும் மூச்சு போதாத இடங்கள். அங்கே எப்படிச் சமாளிக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க நுஸ்ரத்துக்கே ஒரு மாதம் ஆகியிருந்தது. லோஷினிக்குக் கிடைத்ததோ ஒன்பது நாள். கூட்டம் கைதட்டியது. பாதிப் பேருக்கு அந்த உடைசல் காதில் விழுந்திருக்காது. நுஸ்ரத் மேடைக்குப் பின்னால் போய் யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் லோஷினிக்கு எழுதினாள். உண்மையைச் சொல்லாமல் மறைத்தது தன் தப்பு, லோஷினியை அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்தியதும் தன் தப்பு என்று எழுதி மன்னிப்புக் கேட்டாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. மன்னிப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. "அக்கா, அந்த மூணாவது பக்கத்துல நீங்க எங்க மூச்சு எடுக்கறீங்க? நான் அங்கதான் செத்தேன்" என்று கேட்டிருந்தாள் லோஷினி.

நுஸ்ரத் பதில் எழுத உட்கார்ந்தாள். எழுத வரவில்லை. தான் எங்கே மூச்சு எடுக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. உடம்பு தானாகச் செய்துவந்த காரியம் அது. ட்ரம்பெட்டைக் கையில் எடுத்து, ஊதாமல், வால்வுகளை மட்டும் அழுத்தி அந்தப் பக்கத்தை மனத்துக்குள் வாசித்துப் பார்த்தாள். நாலைந்து முறை பார்த்த பிறகு பிடிபட்டது. ஒரு நீண்ட சுரத்தை எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிட்டு, அந்த இடைவெளியில் மூக்கு வழியாகத் திருட்டு மூச்சு எடுத்துக்கொண்டிருந்தாள். அதை வார்த்தையில் எழுதி அனுப்ப ஒரு மணி நேரம் ஆனது.

அதுவரை மருத்துவ விடுப்பில் இருந்தாள், பிறகு பள்ளி விடுமுறை வந்தது. நுஸ்ரத் பாலோவுக்குப் போய் அம்மா கடையின் கல்லாவில் உட்கார்ந்தாள். வருகிற போகிறவர்களெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்சாத் பேகத்திடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார்கள். அந்த அம்மாள் உரக்கத்தான் பதில் சொன்னார். வாய் கோணிக்கிடக்கிறது, அதற்காகச் சோறு தின்பதில் ஒரு குறையும் இல்லை என்று. ட்ரம்பெட் பெட்டி மாடியில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பள்ளிகளுக்கு விலகல் கடிதம் எழுதிவிடலாமா என்று நுஸ்ரத் யோசிக்கத் தொடங்கியிருந்தாள். வாசித்துக் காட்ட முடியாதவள் எதைச் சொல்லிக் கொடுப்பது?

பத்தாம் நாள் மதியம், கடை ஓய்ந்த நேரத்தில் சம்சாத் பேகம் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நீ அந்த ஊதறதை விட்டுட்டு இங்க வந்து உட்காரணும்னு இருபது வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "இப்ப வந்து உட்கார்ந்திருக்கே. பார்க்கச் சகிக்கலை. போய் அந்தப் பிள்ளைங்களைப் பாரு."

நுஸ்ரத் அழுதாள். ஒரு கண்தான் மூடியது. மற்றது திறந்தபடியே அழுதது. அம்மா அதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

*

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், பேண்ட் குழுவுக்குப் பொறுப்பாசிரியையான சிக்கு ரொஹானாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். இனி வாசித்துக் காட்ட முடியாது, எத்தனை நாளைக்கென்றும் தெரியாது, வேறு ஆள் பார்ப்பதானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். இந்தத் தடவை யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிட்டாள். ரொஹானா கொஞ்சம் யோசித்தார். செப்டம்பரில் மாநிலப் போட்டி இருக்கிறது, வேறு ஆளும் இல்லை, வாய் பேசுகிறது அல்லவா, அது போதும் என்றார்.

வாய் அப்போது அவ்வளவு நன்றாகவும் பேசவில்லை. 'ப'வும் 'ம'வும் வரும்போது இடது உதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் வாரம் பிள்ளைகளுக்கு அது விசித்திரமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

வாசித்துக் காட்ட முடியாது என்றானபின் கேட்பது ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சியது. முன்பெல்லாம் அவள் ஊதுவாள், அவர்கள் ஊதுவார்கள், சரியாக வரும்வரை அவள் மறுபடியும் ஊதுவாள். அவர்கள் சத்தத்தோடு எப்போதும் அவளுடைய சத்தமும் கலந்திருக்கும். இப்போது நாற்பத்திரண்டு பேரை ஊதவிட்டு, சும்மா நின்று கேட்டாள். வந்த சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டுபோய் வீட்டிலும் கேட்டாள். மூன்றாம் நாள்தான் அது உறைத்தது. ட்ரம்பெட் வரிசையில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஒவ்வொரு சுரத்தையும் அது இருக்கிற இடத்தில் தொடங்கவில்லை. ஒரு நூல் கீழே தொடங்கி, சரேலென்று மேலே வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் செய்தால் கெட்ட பழக்கம் எனலாம். ஒன்பது பேரும் ஒன்றுபோலச் செய்தால்?

இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று மறுநாள் அவர்களைக் கேட்டாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசைப் பெண்தான் கடைசியில் சொன்னாள், சிக்கு அப்படித்தானே ஊதுவீர்கள் என்று.

நுஸ்ரத் தன் பழைய பதிவுகளை எல்லாம் எடுத்துக் கேட்டாள். கல்யாண வாசிப்பு, ஹோட்டல் வாசிப்பு, ஆறு வருஷத்துக்கு முந்தைய கச்சேரி. அந்தப் பெண் சொன்னது உண்மை. எல்லாவற்றிலும் அந்த வழுக்கல் இருந்தது. இத்தனை வருஷமாக யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளுக்கும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது. வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது.

அந்த வழுக்கலைத் துடைக்க இரண்டு மாதம் பிடித்தது. ஊதுவதற்கு முன்னால் அந்தச் சுரத்தைப் பாடச் சொன்னாள். பிறகு மனத்துக்குள் மட்டும் பாடச் சொன்னாள். பிறகு ஊதச் சொன்னாள். செப்டம்பர் போட்டியில் பதினோரு பள்ளிகளில் அவர்களுக்கு நான்காமிடம் கிடைத்தது. அதற்கு முன்னால் அந்தப் பள்ளி ஏழாமிடத்துக்கு மேலே போனதில்லை.

*

முகம் மெல்லத் திரும்பியது. ஆறாவது வாரம் கடைவாய் லேசாகத் துடித்தது. நாலாவது மாதம் தண்ணீர் வாயில் நின்றது. அந்த வருஷக் கடைசியில், தெரியாதவர்கள் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்ற அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் நரம்பு வளர்ந்த பாதையில் ஒரு சிக்கல். உதட்டைக் குவித்தால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். ஊதும்போது யாரையோ பார்த்துக் கண்ணடிப்பதுபோல இருக்கும். ஹாரூன் இதை வைத்து அவளைக் கிண்டல் செய்யாத நாளில்லை.

ட்ரம்பெட்டில் நடுச் சுரங்கள் வந்தன. மேலே போகப் போகக் காற்று ஓரத்தில் கசிந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் உதடு தாங்கவில்லை. முகத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்த சிகிச்சைப் பெண் ஒளிக்காமல் சொன்னாள், இனிமேல் கொஞ்சம் தேறலாம், பழையபடி ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்று.

அந்தச் சமயத்தில்தான் லோகேஸ்வரன் போன் செய்தார். முதல் ட்ரம்பெட் இடம் லோஷினியுடையது, அதைத் திருப்பித் தர முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். யூஃபோனியம் வாசிக்கும் கனகராஜ் பினாங்குக்கு மாற்றலாகிப் போகிறார். அந்த இடத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். யூஃபோனியம் மடியில் வைத்து வாசிக்கிற பெரிய வாத்தியம். ட்ரம்பெட்டைவிட ஒரு ஸ்தாயி கீழே, குண்டான குரல். பெரும்பாலும் மற்றவர்களுக்குக் கீழே நின்று தாங்குகிற வேலைதான் அதற்கு.

நுஸ்ரத் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். யோசிக்கவில்லை. ஹாரூன் என்ன என்று கேட்டதற்கு, "எனக்கு உட்கார ஒரு நாற்காலி போட்டுத் தர்றாராம்" என்றாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பள்ளியில் யூஃபோனியம் வாசிக்கும் மாணவிக்கு ஒரு சனிக்கிழமை காய்ச்சல். அந்தப் பகுதி இல்லாமல் பாட்டு ஓட்டையாகக் கேட்டது. நுஸ்ரத் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த வாத்தியத்தை மடியில் தூக்கி வைத்தாள். அதன் மவுத்பீஸ் பெரியது. உதட்டின் ஓரத்தை அது கேட்கவில்லை. நடுவை மட்டும்தான் கேட்டது. காற்றை விட்டாள். சத்தம் வந்தது. கசிவு இல்லை. அடிவயிற்றிலிருந்து எழுந்து நெஞ்சுக்கூட்டை அதிரவைத்துக்கொண்டு வெளியே போனது. எட்டு மாதத்துக்குப் பிறகு, தான் ஊதிய சுரம் முழுதாக ஒரு அறையை நிறைப்பதைக் கேட்டாள். பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அவள் வாத்தியத்தை இறக்கவில்லை.

பள்ளியின் அனுமதியோடு அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்ததால், மாலையில் தஞ்சோங் கூப்பாங் பக்கம் கடலோரமாகக் காரை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்து வாசித்தாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த, மீனவக் கிராமமான அந்தக் கம்பத்து ஆள்கள் முதல் இரண்டு நாள் பார்த்தார்கள். அப்புறம் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். விரல் வைக்கும் முறை ட்ரம்பெட்டுக்கு இருப்பதேதான். மூச்சுத்தான் வேறு. இரண்டு மடங்கு காற்று வேண்டும், அவசரம் ஆகாது. உயரத்தில் ஒரு சுரத்தைக் குத்தி நிறுத்துவதில் அவளுக்கு எப்போதுமே ஒரு பெருமை இருந்தது. இங்கே அதற்கு இடமே இல்லை. வேறொருவர் பாடும்போது அடியில் நின்று தாங்குவது எப்படி என்று முதல் பாடத்திலிருந்து கற்க வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் லோகேஸ்வரனைக் கூப்பிட்டாள். கனகராஜின் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார் அவர். சும்மா கொடுக்க வேண்டாம், மற்றவர்களைக் கேட்பதுபோல என்னையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றாள். அவர் சரி என்றார்.

லோகேஸ்வரன், லோஷினி, டூபா வாசிக்கும் ஹேமநாதன் ஆகிய மூவர் முன்னால் உட்கார்ந்து அவள் வாசித்தாள். லோஷினி பார்க்கும்போது தன் கண் மூடிக்கொள்வது தெரிந்தது. முடிந்ததும் லோகேஸ்வரன் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கடைசிப் பக்கத்துல நாலு சுரம் விட்டுட்டே."

"ஆமா, அண்ணே."

"முன்ன இருந்த அந்த வழுக்கல் இல்லையே. எங்க போச்சு?"

நுஸ்ரத் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா? ஏன் சொல்லலை?"

"உன் ஸ்டைலுன்னு நினைச்சேன் லா" என்றார் அவர். ஹேமநாதன் சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒத்திகை என்று சொல்லி லோகேஸ்வரன் தாளை மடித்து வைத்தார்.

*

2024 ஜூனில் குளுவாங்கில் கச்சேரி. சம்சாத் பேகம் கடையை மதியத்தோடு மூடிவிட்டு வந்திருந்தார். மகள் மேடையில் வாசித்து அவர் அதுவரை பார்த்ததில்லை. கடை என்ற ஒரு காரணம் எப்போதும் இருந்தது. அன்று லோஷினி ஒரு மெதுவான பாட்டுக்குத் தனி வாசிப்பு வாசித்தாள். அந்தப் பாட்டு முழுதும் அவளுக்கு அடியில் ஓடியது நுஸ்ரத்தின் யூஃபோனியம்தான். லோஷினி மூச்சு எடுக்கும் இடமெல்லாம் நுஸ்ரத்துக்குத் தெரியும். அங்கெல்லாம் தன் சுரத்தைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்து, இடைவெளி தெரியாமல் மூடிக்கொடுத்தாள்.

முடிந்து வெளியே வந்தபோது சம்சாத் பேகம், அந்தப் பொண்ணு வாசித்தது அழகாக இருந்தது என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "உன்னோட சத்தம் எதுன்னுதான் எனக்குப் பிரிச்சுத் தெரியலை" என்றார்.

"அப்படித்தாம்மா இருக்கணும்" என்றாள் நுஸ்ரத். அம்மாவை அவள் சமாதானப்படுத்தவில்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

மறு வருஷத் தொடக்கத்தில் லோஷினிக்குச் சிங்கப்பூரில் முழுநேர வேலை கிடைத்தது. குழுவிலிருந்து விலகினாள். லோகேஸ்வரன் வீட்டுக்கே வந்து, முதல் ட்ரம்பெட் இடம் காலியாக இருக்கிறது, உனக்கு வேண்டுமா என்று நுஸ்ரத்தைக் கேட்டார். மேலே எட்டாத சுரங்களுக்கு ஏற்பப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நல்ல மனத்தோடுதான் சொன்னார்.

மூன்று நாள் நுஸ்ரத் சரியாகத் தூங்கவில்லை. தினம் காலையில் பத்து நிமிடம் ட்ரம்பெட் வாசிப்பதை அவள் விடவில்லை. உதடு தாங்கும் நேரம் அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்தில் அவளுக்கு எல்லாம் பழையபடி இருப்பதாகத் தோன்றும். பதினோராம் நிமிடம் தோன்றாது. ஒருத்திக்காகப் பத்துப் பேரின் பாட்டையும் குட்டையாக்க வேண்டுமா என்று ஹாரூனிடம் கேட்டாள். எந்த வாத்தியத்தோடு உட்காரும்போது உனக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்று ஹாரூன் திருப்பிக் கேட்டான். அவள் மறுநாள் காலையில் எழுந்ததும் பதில் சொன்னாள்.

வேண்டாம், வேறு ஆள் தேடுங்கள் என்று லோகேஸ்வரனிடம் தெரிவித்தாள். யூஃபோனியத்தில்தான் இருக்கப் போகிறேன் என்றாள். அப்படியானால் ஆள் தேர்வுக்கு நீயும் வந்து உட்கார வேண்டும் என்றார் அவர்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு வாடகை ஒத்திகை அறையில் அவளும் லோகேஸ்வரனும் ஹேமநாதனும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் வாசிக்க வந்திருந்தார்கள். முதலில் உள்ளே வந்தவன் சுகுமாறன் என்று பத்துபாஹாட்டிலிருந்து வந்த இளைஞன். நாற்காலியில் உட்காரலாமா, நிற்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே பெட்டியைத் திறந்தான். அவசரத்தில் மவுத்பீஸ் கைநழுவித் தரையில் விழுந்து உருண்டது. நுஸ்ரத் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தாள். அவசரமில்லை, தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்றாள். அவன் குடித்தான். பிறகு நின்றபடியே ட்ரம்பெட்டை உயர்த்தினான். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினாள்.